மதிலில் ஒட்டாத முகம்

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை. கந்தோரில் ஃபைல்களுக்கு நடுவில் இருந்தபோது கிருபாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"மிஸ், உங்களுக்கு ரொக் மியூசிக் பற்றி ஏதும் தெரியுமோ?"

"ஒண்டும் தெரியாது."

"நல்லதாப் போச்சு. சனிக்கிழமை நடுவராக வாறீங்கள்."

வாராவாரம் பத்தி எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. எல்லாம் தெரிந்தவர் என்று ஊர் தானாகவே முடிவு செய்துவிடும். கோலப் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேக் போட்டிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குப் பெயர் கேட்டார்கள்... வைத்தேனே!

கிருபா எங்கள் ஊரில் ஊடக டிப்ளோமா வகுப்பு நடத்துகிற இளைஞர். கடைசித் தவணையில் அவருடைய மாணவர்கள் குழுக்களாகச் சேர்ந்து ஒரு பாட்டு வீடியோ எடுக்க வேண்டும். கூடவே அதற்கு விளம்பரமும் செய்ய வேண்டும் – போஸ்டர், சீடி உறை, பத்திரிகைக் குறிப்பு. அந்த விளம்பரம் உண்மையிலேயே ஊருக்குள் வெளிவர வேண்டும் என்பது விதி. மேசை லாச்சிக்குள் கிடந்தால் பரீட்சையில் சித்தி கிடையாது.

சனிக்கிழமை காலை ஓர்ஸ் ஹில்லில் இருந்து நடந்தே இறங்கினேன். காற்று இல்லை. வீடுகளுக்கு இடையில் உள்துறைமுகம் துண்டு துண்டாகத் தெரிந்தது – யாரோ வெயிலில் காயப்போட்டுவிட்டு மறந்துபோன சேலை மாதிரி. வழியில் இரண்டு இடங்களில் சோதனைக்காகக் கைப்பையைத் திறந்து காட்டினேன். மற்றபடி நல்ல காலை.

வகுப்பு மேல்மாடியில். யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் திரையாக்கியிருந்தார்கள். என்னோடு இன்னொரு நடுவர், ரவீந்திரன். கொழும்பில் விளம்பரக் கம்பனியில் வேலை. முதல் நாள் முழுவதும் பஸ்ஸில் ஏறி இறங்கி, ஒவ்வொரு சோதனைத் தடையிலும் வரிசையில் நின்று வந்து சேர்ந்தவர். கண் சிவந்திருந்தது. பேச்சு மட்டும் கூர்.

மூன்றாவதாக வந்த குழுவின் பெயர் 'தகரக்கூரை'. மூன்றே பேர். அன்புவழிபுரத்து ஜெயந்தன் பாட்டும் கிற்றாரும். கிண்ணியா நஸ்மி ட்ரம்ஸ். ஷாலினி என்ற பிள்ளை கமரா, எடிட்டிங், போஸ்டர் எல்லாம். பாட்டின் பெயர் 'நித்திரை'.

ரொக் பாட்டுக்கு நித்திரை என்று பெயரா? சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

எங்கள் ஊரில் வீடியோ எடுப்பது லேசுப்பட்ட காரியமா? துறைமுகத்தை எடுக்கக்கூடாது. சந்தியை எடுக்கக்கூடாது. ஆமிக்காரரின் சென்றிக் காவலரணை எடுக்கக்கூடாது. கடற்கரையில் கமராவோடு நின்றால் கேள்வி வரும். எடுக்கக்கூடாததை எல்லாம் கழித்துவிட்டால் ஊரில் என்னதான் மிஞ்சும்?

மான் மிஞ்சும்.

திரையில் விடியும் நேரம். ஆளில்லாத வீதி. நடுவீதியில் மான்கள் நடந்து வருகின்றன... அவசரமே இல்லாமல், கடைக்குப் போகிறவர்கள் மாதிரி. ஒற்றைக் கிற்றார் கம்பி மெல்ல முனகுகிறது. அடுத்தது கிண்ணியாவுக்குப் போகிற பாதை – ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் நகர்கிற அந்த மிதவை. சந்தைக்குப் போகிற பெண்களுக்கு நடுவில் ஜெயந்தன் கிற்றாரோடு நிற்கிறான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கனவில் இப்படித்தானே... நாம் என்ன கோலத்தில் நின்றாலும் யாரும் கவனிப்பதில்லை.

"என்ர கனவுக்கு ஐடென்டிகார்ட் இல்லை, ஆரும் மறிச்சால் எதைக் காட்டுவன்" என்று பாட்டுத் தொடங்குகிறது.

பிறகு தம்பலகாமத்து வயல். உழவு மெஷினுக்குப் பின்னால் இழுபடுகிற பெட்டியில் நஸ்மி ட்ரம்ஸோடு உட்கார்ந்திருக்கிறான். முதல் அடி விழுகிறது. வயல் முழுக்க நின்ற கொக்குகள் எழும்புகின்றன. ஷாலினி அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்திருந்தாள். திரை மெல்ல மெல்ல வெள்ளையாகி, கடைசியில் சிறகைத் தவிர வேறொன்றும் இல்லை.

எனக்கு ரொக் தெரியாது. ஆனால் அந்த நாலரை நிமிடமும் நான் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. அது மட்டும் தெரியும்.

வெளிச்சம் வந்தது. விளம்பரப் பொருட்களை மேசையில் பரப்பினார்கள். பத்திரிகைக் குறிப்பில் 'தென்னாசியாவிலேயே முதன்முறையாக' என்று எழுதியிருந்தது. எது முதன்முறை என்று சொல்லப்படவில்லை. போஸ்டர் நல்ல நீலம். நடுவில் கிற்றாரின் நிழல், ஓரத்தில் சின்ன எழுத்தில் மூன்று பேரின் பெயர்கள். குழுவின் பெயர். அவ்வளவுதான். சீடி உறையும் அதே.

ரவீந்திரன் போஸ்டரைத் தூக்கிப் பிடித்தார். "அழகா இருக்கு தம்பி. ஆனா பாடுற ஆள் எங்க? முகமே இல்லாம ஒரு பாடகனை எப்படி ஊருக்கு அறிமுகப்படுத்துறது?"

நானும் தலையாட்டினேன். விளம்பரத்துக்கான இருபது புள்ளியில் எட்டுப் போட்டேன்.

"முகம் போட ஏலாது சேர்," என்றாள் ஷாலினி.

"ஏன்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நஸ்மி ஏதோ சொல்ல வந்தான். ஜெயந்தன் அவன் கையைப் பிடித்தான்.

"வீட்டில விருப்பம் இல்லை சேர்."

"வீட்டுக்குப் பயந்த ரொக் ஸ்டாரா?" என்றார் ரவீந்திரன். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

"நான்தான் வேண்டாமெண்டனான்."

குரல் வாசலில் இருந்து வந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கந்தோருக்கு உடுக்கிற சேலை. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். ஜெயந்தனின் அம்மா. கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் தட்டச்சு வேலை. சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று, வீடியோ ஓடி முடியும்வரை வெளி விறாந்தையிலேயே இருந்திருக்கிறார். அன்றைக்கு அவர் வந்தது பாட்டுக் கேட்க இல்லை. மதிலில் எதுவும் ஒட்டப்படாது என்பதைத் தன் காதால் கேட்டுப் போக.

ரவீந்திரனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மிஸ், நீங்கள் இந்த ஊர்தானே?"

"ஓம்."

"எங்கட ஊர் மதிலில ஒரு பெடியன்ர படம் ஒட்டியிருந்தால் என்ன அர்த்தம்?"

புள்ளித் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தேன்.

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். யுத்தம் நடக்கிற இந்த வருடங்களில் எங்கள் மதில்களில் ஒட்டப்படும் முகங்கள் பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள். அதிலும் இளம் முகங்கள். வீதியில் போகும்போது முதலில் முகத்தைப் பார்ப்போம். தெரிந்த முகம் இல்லை என்றால் ஒரு மூச்சு விட்டுவிட்டு நடப்போம். அன்று காலை நானும் அப்படி நான்கு மதில்களைக் கடந்துதான் வந்தேன். வந்து கதிரையில் இருந்துகொண்டு, முகம் எங்கே என்று புள்ளி வெட்டுகிறேன்!

அந்த அம்மா நடந்ததைச் சொன்னார்.

முதலில் அடித்த போஸ்டரில் முகம் இருந்திருக்கிறது. ஸ்டூடியோவில் எடுத்த படம். ரை கட்டி, நேராகப் பார்த்தபடி. கறுப்பு வெள்ளையில் ஃபொட்டோக்கொப்பி. மேலே பெரிய எழுத்தில் 'நித்திரை'. கீழே ஜெயந்தனின் முழுப்பெயர். அதற்குக் கீழே திகதி, நேரம், இடம்.

ஒன்றே ஒன்றைத்தான் பரீட்சார்த்தமாக ஜெயந்தன் வீட்டு ஒழுங்கை முடக்கில், தெரு திரும்புகிற மதிலில் ஒட்டினார்களாம்.

"நான் கந்தோரில இருக்கிறன். பக்கத்து வீட்டு அக்கா ஃபோன் எடுத்தவ. எடுத்தவ அழுறா... ஒண்டும் சொல்லுறா இல்லை. உடன வாங்கோ எண்டு மட்டும் சொன்னவ. ஓட்டோவில போறன். ஒழுங்கை முடக்கில என்ர பிள்ளையின்ர முகம். அதுக்குக் கீழ பேர். வாசிக்க எனக்குக் கண் தெரியேல்ல மிஸ். வீட்டு வாசலில வாடகைக் கதிரை இறக்கிக்கொண்டு நிக்கினம். தம்பலகாமத்தில இருந்து என்ர தங்கச்சி தலையில அடிச்சுக்கொண்டு வந்து இறங்குறா."

"பிறகு?" என்று கேட்டவர் ரவீந்திரன். குரல் மாறியிருந்தது.

"பிறகு என்ன... இவர் சைக்கிளில வாறார். முதுகில கிற்றார். 'என்னம்மா, வீட்டில என்ன விசேஷம்?' எண்டு கேக்கிறார்."

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

"அடிச்சனான். கன்னத்தில அடிச்சனான். பிறந்ததில இருந்து ஒருநாளும் அடிச்சதில்லை. அடிச்சுப்போட்டுக் கட்டிப் பிடிச்சனான். ஃபோன் வந்ததில இருந்து முக்கால் மணித்தியாலம்... எனக்குப் பிள்ளை இல்லை. அந்த முக்கால் மணித்தியாலத்தை ஆரும் திருப்பி எடுக்க ஏலுமோ?"

ரவீந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்க."

"நீங்கள் என்ன செய்வீங்கள் தம்பி? நீங்கள் வெளியூர்."

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. இவர்கள் மேடையேறிப் பாட அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபம் எடுத்தாயிற்று. முகம் இல்லாத நீலப் போஸ்டரையாவது ஒட்டலாமா என்று ஜெயந்தன் கேட்டான். அதிலும் அவன் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது, வேண்டாம் என்றார் அம்மா. போஸ்டர் வெளியில் வராவிட்டால் மூன்று பேருக்கும் சித்தி இல்லை என்று கிருபா மெல்லச் சொன்னார்.

"மூண்டு பேரும் உயிரோட இருக்கினம். எனக்கு அது காணும்."

ஜெயந்தன் கிற்றாரை உறைக்குள் வைக்கத் தொடங்கினான். ஷாலினியின் கண் நிறைந்துவிட்டது. நஸ்மி மட்டும், "அன்ரி, நீங்க பாட்டை ஒருக்கா பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

"இல்லை மகன். எனக்குச் சத்தம் ஏலாது."

"சத்தம் இல்லாமப் போடுறம்," என்றேன் நான். நடுவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று தெரியாது. யன்னல் துணியை இழுத்துவிடச் சொன்னேன்.

சத்தம் இல்லாமல் அந்த வீடியோ முழுக் கனவாகவே மாறிவிட்டது. மான்கள் வந்தன. அந்த அம்மா முன்வரிசையில், கைப்பை மடியில். பாதை தண்ணீரில் நகர்ந்தது. ட்ரம்ஸில் அடி விழுந்தது... கொக்குகள் சத்தமே இல்லாமல் எழும்பின. திரையின் வெள்ளை அவர் முகத்தில் பட்டுப் போனது. பிறகு கடைசிச் சரணம். ஜெயந்தன் துள்ளுகிறான். தலைமுடி ஒரு பக்கம் பறக்கிறது. பாதிக் கண் மூடியிருக்கிறது. வாய் கடைவாய்ப்பல் தெரியத் திறந்திருக்கிறது.

"என்னடா இது... இப்பிடி வாயைப் பிளக்கிறாய்!"

சிரித்துவிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார். இரண்டாவது தரம் கடைசிச் சரணத்தில் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, நிப்பாட்டுங்கோ. கொஞ்சம் பின்னுக்கு... இன்னும் கொஞ்சம். அங்க! இந்தப் படத்தைப் போடுங்கோ."

ஷாலினி தயங்கினாள். "அன்ரி, இது கலங்கியிருக்கு. பாதி முகத்தை முடி மறைக்குது."

"இதைத்தான் போடுங்கோ. இப்பிடி வாயைப் பிளந்துகொண்டு நிக்கிற படத்தை ஆரும் அஞ்சலிக்கு அடிக்கமாட்டினம். கலரில அடியுங்கோ. பேரைச் சரிச்சு எழுதுங்கோ. திகதியைக் கீழ போடாதீங்கோ, மேல போடுங்கோ. சந்தியில போற ஆளுக்குப் பார்த்த உடன தெரியவேணும், இவன் உயிரோட நிண்டு கத்துறான் எண்டு."

ரவீந்திரன் இதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து நிமிர்ந்தார். "கிருபா, டிப்ளோமாவை இந்த அம்மாவுக்குக் குடுங்க."

நான் எட்டை வெட்டிவிட்டுப் பதினெட்டுப் போட்டேன். மிச்ச இரண்டு தென்னாசியாவுக்காகப் போனது.

மதிய வெயிலில் வீட்டுக்கு நடந்தேன். முகம் என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டே போனேன். உயிரோடு இருக்கும்போது எங்கள் முகம் அடையாள அட்டைக்குள் முத்திரை அளவில் கிடக்கிறது. பெரிதாக அச்சடிக்கும்போது பார்க்க நாங்கள் இருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு முகம் இருக்கலாம் என்பது, இத்தனை வருடம் எழுதுகிற எனக்குத் தோன்றவே இல்லையே!

புதுப் போஸ்டர் புதன்கிழமை மதில்களுக்கு வந்தது. யாரும் அழுதுகொண்டு பஸ் ஏறவில்லை. சனிக்கிழமை மண்டபத்தில் கதிரை போதாமல், பெடியள் யன்னலில் ஏறியிருந்து கேட்டார்கள். அந்த அம்மா முன்வரிசையில், இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு கடைசிவரை இருந்தார். மூன்று பேரும் சித்தி.

நேற்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மதிலில் அந்தப் போஸ்டரை மறுபடி பார்த்தேன். ஓரம் கிழிந்திருந்தது. மூதூர் போகிற பெரியவர் ஒருவர் அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இந்தப் பெடியன் ஏன் இப்பிடிக் கத்துறான்?"

"பாட்டுப் படிக்கிறான் ஐயா."

இன்னொரு தரம் நன்றாகப் பார்த்தார்.

"அப்ப கத்தட்டும்," என்றார்.