இன்று, நேற்று, இன்னும் இல்லை

1. இன்று காலை விடுதி ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றினேன்.
2. இன்று அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள்.
3. இன்று மதியம் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம்.
4. சாவியை இன்னும் கொடுக்கவில்லை.
5. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

போனில் படிக்கும் ஸ்பானிஷ் வகுப்புக்கு ஒரு சனிக்கிழமை நான் எழுதிய வீட்டுப்பாடம் இது. அன்று நடந்ததை ஐந்து வாக்கியங்களில் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு காலச்சொல் வர வேண்டும். ஐந்தாவதை மட்டும் அடித்துவிட்டு, 'இன்னும் சாப்பிடவில்லை' என்று மாற்றி அனுப்பினேன். அதுவும் உண்மைதான்.

ஸ்பெயினில் பேசும் ஸ்பானிஷில் நாள் முடியாதவரை அதில் நடந்ததற்கு ஒரு வினை வடிவம். இன்று, இன்று காலை, இந்த வாரம் எல்லாம் அதோடு வரும். நேற்று என்று ஆரம்பித்தால் வேறு வடிவம். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்த எனக்கு இது சுவிட்ச் மாதிரி எளிதாகப் புரிந்தது. வாயில்தான் வரவில்லை. சமைக்கும்போதும் சொல்லிப் பார்ப்பேன். 'ஓய்' என்றால் இன்று.

"யாரடி ஓய் ஓய்ங்குற? உங்கப்பன் அந்தா உக்காந்திருக்காரு, பேரச் சொல்லியே கூப்பிடு" என்பாள் அம்மா.

நான் படித்தது அக்கா மகளுக்காக. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஸ்பெயின் போன அக்கா அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். ஐந்து வயது மகளுக்குத் தமிழில் 'சித்தி' மட்டும்தான் தெரியும். ஞாயிறு மதியம் அவர்கள் கூப்பிடுவார்கள். நான் சொல்வதைக் கேட்டு அவள் சிரிப்பாள், திருத்துவாள், பிறகு போனைத் தன் அம்மாவிடம் தள்ளிவிட்டுப் போய்விடுவாள். அவள் போகாமல் நிற்கிற அளவுக்காவது பேச வேண்டும் என்று எனக்கு ஆசை.

அக்காவுக்கு வேறு ஆசை. தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லைனில், நாங்கள் பிறந்த அந்த இரண்டு அறை வீட்டில், பனி நேரத்தில் எல்லோரும் அடுப்படியில்தான் படுப்போம். "என் பிள்ளைய அங்க ஒரு நாள் படுக்க வைக்கணும்டி" என்று வாராவாரம் சொல்வாள். அங்கே தங்குவதற்கான அனுமதித் தாளைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறாள். அது கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. இரண்டு லீவு அப்படியே போய்விட்டது.

லைன் வீடு வேலையோடு சேர்ந்தது. செக்ரோலில், எஸ்டேட் ஆள் பதிவேட்டில், பெயர் இருக்கும்வரைதான் வீடு. அப்பாவின் பெயர் முன்பே போயிருந்தது. இந்த வருடம் அம்மாவும் ரிட்டயர் ஆனாள். மேனேஜர் தந்த மூன்று மாதமும் முடிந்ததும், நான் வேலை செய்யும் விடுதிக்குப் பக்கத்தில், சித்திரபுரத்தில் வாடகைக்கு வந்தோம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் லைனில் யாரும் கெட்ட செய்தி சொல்வதில்லை. எல்லோரும் நல்லா இருக்கோம் என்பதோடு சரி. அப்பா அதற்கும் ஒரு படி மேலே போனார். பழைய வீட்டுக் கடிகாரத்தையும் காலண்டரையும் புது வீட்டுச் சுவரில் அதே மாதிரி மாட்டினார். "இதுக்கு முன்னால உக்காந்து பேசுங்க. கண்டுபிடிக்க மாட்டா."

மறுநாள், ஞாயிறு மதியம், அழைப்பு வந்தது. குழந்தை வழக்கம்போல, இன்று என்ன செய்தாய் என்று கேட்டாள். எனக்கு மனப்பாடமாக இருந்தவை அந்த வீட்டுப்பாட வாக்கியங்கள் மட்டுமே. ஆனால் அவை நேற்றையவை ஆகிவிட்டன. வினையை மாற்ற வேண்டும். என் கவனம் முழுவதும் அதில்தான். நேற்று அம்மா பாத்திரங்களைக் கட்டினாள் என்றேன். சரி என்று குழந்தை தலையாட்டினாள். நேற்று நாங்கள் வீட்டைக் காலி செய்தோம் என்றேன். தப்பே இல்லாமல் வந்த சந்தோஷத்தில், சாவியை இன்னும் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

குழந்தை சிரிக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் முகம் திரைக்குள் வந்தது.

"எந்த வீட்டடி?"

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஒண்ணுமில்லத்தா, இவ பாடம் ஒப்பிக்கிறா."

"கரி இல்லாத சுவத்துல கடியாரம் தொங்கும்போதே நெனச்சேன். வெள்ளையடிச்சிருப்பீங்கன்னு இருந்தேன். யாரு ஐடியா, அப்பாவா?"

அப்பா எழுந்து வெளியே போனார்.

"சாவி இருக்குல்ல?" என்றாள் அக்கா. "இன்னைக்கே போய்க் காட்டு."

போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. காலி வீட்டுக்குள் போனைத் தூக்கிப் பிடித்து நடந்தேன். முன்னறை. அடுப்படி. அடுப்புக்கு மேலே கரி.

"இன்னும் கீழ காட்டு. ஆங், அந்த மூலை. அதுதான் என் இடம்."

"உன் இடமா? எட்டி ஒதச்சுப் பிடிச்ச இடம்."

"நீ படுக்கையில ஒண்ணுக்குப் போவ, ஒதைக்காம?"

அவள் சிரித்தாள். பிறகு மகளிடம் ஸ்பானிஷில் ஏதோ வேகமாகச் சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. குழந்தை திரையோடு ஒட்டிக்கொண்டு அந்தச் சிமெண்ட் தரையைப் பார்த்தாள்.

"யா?" என்று கேட்டாள். அவ்வளவுதானா என்று அர்த்தம்.

அவ்வளவுதான் என்றேன். அவள் போகவில்லை. இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். கதவிலிருந்து ஆரம்பித்து மறுபடியும் நடந்தேன்.

சாவியை மறுநாள் காலை எஸ்டேட் ஆபீசில் கொடுத்துவிட்டேன். கடிகாரம் சித்திரபுரத்தில் அதே சுவரில் இருக்கிறது. அக்காவின் தாள் இன்னும் வரவில்லை.