பக்கத்து சீட்டின் பிரேக்

ஷோரூமுக்குள் நுழைகிற எல்லோரும் முதலில் வண்டியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். விளக்கைப் பார்ப்பார்கள், பெயிண்டைத் தடவுவார்கள், பிறகு டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊரையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்கள். பிரேக் டீச்சர் அதில் எதையும் செய்யவில்லை. நேரே போய்ப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தாள். உட்கார்ந்தாள். கால் வைக்கும் இடத்தைக் குனிந்து கையால் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஒரு பிரேக் வெச்சுத் தருவீங்களா?" என்றாள்.

விற்பனைப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. புது ஷூ குதிகாலைக் கடித்தாலும் சிரித்துக்கொண்டே நிற்கப் பழகியிருந்தாள். மைலேஜ் கேட்டால் என்ன சொல்வது, கறுப்பு நிறம் கிடைக்குமா என்றால் என்ன சொல்வது என்றெல்லாம் அவளுக்குப் பயிற்சி உண்டு. இந்தக் கேள்விக்கு இல்லை.

"பிரேக் அந்தப் பக்கம் இருக்குங்க மேடம்."

"அது அவருக்கு. நான் கேக்கறது எனக்கு."

அந்த 'அவர்' வண்டிக்குப் பின்னால் குனிந்து, பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தார். முப்பத்துநாலு வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவர். எழுத்து என்று எதைக் கண்டாலும் கடைசி வரி வரை படித்தாக வேண்டும் அவருக்கு. சட்டை வாங்கினால் துவைக்கும் முறை எழுதிய துணுக்கைக்கூட விடமாட்டார்.

பிரேக் டீச்சர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. இருபத்தெட்டு வருடம் ஒரு டிரைவிங் ஸ்கூலில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததற்கு ஊர் கொடுத்த பட்டம். ஸ்கூல் வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். படிக்க வந்தவர் பதறும்போது டீச்சரின் வலது கால் பதறாமல் அதை அழுத்தும். இந்த ஊரில் பாதிப் பேர் என் பெண்டாட்டி காலால்தான் உயிரோட இருக்காங்க என்று மருந்துக்கடைக்காரர் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடிப்பார். கால் அப்படியே பழகிவிட்டது. சினிமாவில் கார் வேகமாகப் போனால் தியேட்டர் தரையை அழுத்துவாள். பல் டாக்டரின் நாற்காலியில் அழுத்துவாள். அவளுடைய செருப்பில் வலது மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

மருந்துக்கடைக்காரரும் அவளிடம்தான் கற்றுக்கொண்டார். கட்டணம் கட்டி, ரசீது வாங்கித்தான். வீட்டில் 'ஏங்க' என்று கூப்பிடுகிறவள் வண்டிக்குள் ஏறியதும் மற்ற மாணவர்களைக் கூப்பிடுவது போலவே 'சார்' என்பாள். "கண்ணாடியப் பாருங்க சார். அது தலை சீவறதுக்கு இல்ல." ஐந்து தடவை தேர்வில் தோற்று ஆறாவது தடவை தேறினார். அன்றைக்கு இருவரும் சேர்ந்து அழுதார்கள். அதற்கப்புறம் கடையின் சின்ன வேனை அவரே ஓட்டினார், பதினைந்து வருடமாக. அந்த வேனில் டீச்சர் ஒரு நாளும் ஏறியதில்லை. அதுல பிரேக் ஒண்ணுதானே இருக்கு என்பாள். இருவரும் சேர்ந்து எங்கே போனாலும் ஸ்கூல் வண்டியில்தான், அவள்தான் ஓட்டுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவார்.

நாலு மாதத்துக்கு முன்னால், கண் டாக்டர் ஒரு மெஷினில் அவளுடைய முகவாயை வைக்கச் சொன்னார். ஓரங்களில் வெளிச்சப் புள்ளி தெரியும், தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்துங்கள் என்றார். அழுத்துவதில் அவளுக்குச் சமானமான ஆள் உண்டா? உஷாராகக் காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "மெஷின் ரிப்பேரா டாக்டர்?" என்று கேட்டாள்.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. புள்ளிகள் வந்துகொண்டேதான் இருந்தன.

பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டு வருகிறது, இன்றிலிருந்து வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நேர்ப்பார்வை இன்னும் மூன்று வருடம் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. மறுநாள் காலை டீச்சர் ஸ்கூல் சாவியைத் துடைத்துக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு கால்நடையாகப் போக முடிகிற தூரத்தைத் தாண்டி அவள் எங்கும் போகவில்லை. யாராவது காரில் கூப்பிட்டால் தலைவலி வந்துவிடும். இன்னொருவர் ஓட்ட, காலுக்கடியில் ஒன்றுமில்லாமல் உட்கார்வது அவளுக்கு மொட்டைமாடி விளிம்பில் உட்கார்வது மாதிரி.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எதற்கோ பதில் சொல்வது போலச் சொன்னாள். பாடம் முக்கால் மணி நேரம். ஊர் எல்லையில் இருக்கும் ரவுண்டானா வரைக்கும் போய்த் திரும்பினால்தான் நேரம் சரியாக இருக்கும். அங்கே ஒரு பச்சைப் பலகை. கடல், இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று போட்டு நேராக ஓர் அம்புக்குறி. இருபத்தெட்டு வருடம், ஒரு நாளைக்கு ஆறு தடவை, அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். "நேரா ஒரு தடவை போயிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மருந்துக்கடைக்காரர் மறுநாள் மத்தியானமே கடையைச் சாத்தினார். கல்யாணத்தன்றுகூடச் சாயந்திரம் திறந்திருந்த கடை அது. கையில் இந்த வண்டியின் விவரத்தாளோடு வந்து நின்றார். சின்ன வண்டியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அவளுக்குச் சின்ன வண்டியின் நாலு மூலையும் உடம்புக்குத் தெரியும். ஆனால் சொகுசு வண்டியாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்கூல் வண்டியின் சீட் இத்தனை வருடமாக அவள் இடுப்பை ஒடித்துவிட்டது. மொத்தமாக வாங்க வசதியில்லை. லீசுக்கு எடுக்கலாம். மாதாமாதம் கட்டி, கெடு முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

விற்பனைப் பெண் நாலு வருட லீசைச் சிபாரிசு செய்தாள். மாதத்துக்கு ஆறாயிரம் குறையும் என்று கையிலிருந்த டேப்லெட்டில் போட்டுக் காட்டினாள். டீச்சர் மூணு வருஷம் போதும் என்றாள். மேடம், நாலுதான் லாபம் என்று மறுபடி விளக்கினாள் அந்தப் பெண். மூணுதான் என்றாள் டீச்சர். மூன்றாவது தடவையும் அந்தப் பெண் ஆரம்பித்தபோது மருந்துக்கடைக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி, தீயணைக்கும் சிலிண்டரை உபயோகிக்கும் முறையைப் படிக்கத் தொடங்கினார். படித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. கண்ணாடியை இரண்டு தடவை கழற்றித் துடைத்தார்.

ஒப்பந்தத்தாள் வந்தது. பதினோரு பக்கம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டார். மாத்திரை அட்டையின் பொடி எழுத்தையே படிக்கிற கண். பன்னிரண்டாவது நிபந்தனையில் நின்றது. வேண்டுமென்றால் அதைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் மனைவியிடம் எதையும் மறைத்துப் பழகாத மனுஷன். மருந்து இருப்பில் இல்லை என்று சொல்கிற அதே மெல்லிய குரலில், லீஸ் வண்டியில் எந்தப் பாகத்தையும் மாற்றவோ சேர்க்கவோ கூடாதுன்னு போட்டிருக்கு என்றார்.

டீச்சர் கைப்பையை மூடினாள். அந்த 'டிக்' சத்தம் அவருக்கு நெஞ்சில் விழுந்தது. இந்த வண்டியும் இல்லையென்றால் அவள் இனி எதிலும் ஏறமாட்டாள். கையிலிருக்கிற மூன்று வருடமும் நாலு சுவருக்குள்ளேயே தீர்ந்துபோகும். அது அவளுக்கும் தெரியும்.

பேச்சு மானேஜர் அறை வரை போனது. கதவைத் திறந்துகொண்டு வந்த மானேஜர் டீச்சரைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். கை தானாகத் தோள்பக்கம் போய் இல்லாத சீட் பெல்ட்டைத் தேடியது.

"இப்பவும் கிளட்சுல காலை வெச்சே ஓட்டறீங்களா சார்?" என்று கேட்டாள் டீச்சர்.

வழுக்கைத் தலை வரை சிவந்துபோனது அவருக்கு. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு லாரிக்கு முன்னால் அவரை நிறுத்திய கால் இது. அதை அவர் மறக்கவில்லை. ஆனால் இரட்டை பிரேக் மட்டும் அவர் கையில் இல்லை. தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ளாது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஒரு தடவை ஓட்டிப் பாருங்க டீச்சர், மனசு ஒப்பலைன்னா ஒரு காபி குடிச்சிட்டுக் கிளம்பிடுங்க, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றார்.

காபிக்காக இல்லை, மாணவனின் முகத்துக்காக ஒத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். விற்பனைப் பெண் பின்னால். பக்கத்து சீட்டில் டீச்சர், கைப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. சீட் அவள் இடுப்பைக் குழந்தையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. முதல் சிக்னலில் அவளுடைய கால் வெறும் கால்விரிப்பை ஓங்கி அழுத்தியது. வண்டி நின்றது. வேகத்தடைக்கு முன்னால் அழுத்தினாள். வண்டி தணிந்தது. முன்னால் போன பஸ் திடீரென்று ஒதுங்கியபோது அழுத்தினாள். அதே மூச்சில் வண்டியும் தணிந்தது. பிரேக் நிஜமாகவே தன் காலுக்கடியில்தான் இருக்கிறதோ என்று ஒரு கணம் குனிந்து பார்த்தாள்.

ரவுண்டானாவில் திரும்பி வருகிற வழியில், காலியான தெருவில், வண்டி சட்டென்று நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க? ரோட்டுல ஒண்ணுமில்லையே" என்றாள் டீச்சர்.

சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்துச் சந்திலிருந்து சைக்கிளில் ஒரு சின்னப் பெண் அவளுடைய கண்ணின் நடுவுக்கு வந்தாள். வண்டியின் மூக்கைத் தொடாத குறையாகக் கடந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

டீச்சர் தன் வலது காலைப் பார்த்தாள். அது அசையவே இல்லை. கையில் பொத்தானை வைத்துக்கொண்டு புள்ளிக்காகக் காத்திருந்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. இங்கே ஒன்றுக்கு நாலு பிரேக் வைத்திருந்தாலும் அவள் அழுத்தியிருக்க மாட்டாள். அந்தக் குழந்தை அவளுடைய உலகத்திலேயே இல்லை. அவருடைய உலகத்தில் இருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்:

"உன் காலு அழுத்திச்சுன்னு நினைச்சேன்."

பொய். முப்பது வருடத்தில் அவர் அவளிடம் சொன்ன ஒரே பொய். டீச்சருக்கு அது தெரிந்தது. தெரிந்தது என்பது அவருக்கும் தெரிந்ததோ என்னவோ, அடுத்த தெரு வந்ததும் பாதி நிஜத்தையாவது சொல்லிவிட்டார். "வேன்ல தனியாப் போறப்பவும் பக்கத்துல நீ உக்காந்து அழுத்தற மாதிரியே இருக்கும். பதினஞ்சு வருஷமா அப்படித்தான் ஓட்டறேன். ஒரு கீறல் இல்ல பாத்தியா."

டீச்சர் கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

ஆனால் பேரம் பேரம்தான். ஷோரூமுக்குள் நுழையும்போது அவள் முகம் பழையபடி கல்லாகிவிட்டது. மானேஜருக்கு எதிரே உட்கார்ந்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த பிரேக்கை விட்டுக்கொடுப்பதாகவும், இவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுக்கொடுக்கிறவளுக்குக் கம்பெனி என்ன விட்டுக்கொடுக்கும் என்றும் கேட்டாள். பின்னால் நின்ற விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மானேஜர் ஆயிரம் என்றார். டீச்சர் எழுந்தாள். இரண்டாயிரம் என்றார். ரோட்டுக்குக் குறுக்கால நிறுத்துன வண்டிய ரிவர்ஸ் எடுக்கத் தெரியாம அன்னைக்கு நின்னீங்களே, நான் மணி பாத்தேனா சார் என்று கேட்டாள். கடைசியில் நாலு வருடத்துக்குச் சொன்ன மாதத் தொகைக்கே மூன்று வருட லீஸ் என்று பேரம் படிந்தது.

கையெழுத்துப் போடப் போனபோது மருந்துக்கடைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். ஒன்பதாவது பக்கத்தில் விரலை வைத்தார். வண்டியைத் திருப்பித் தரும்போது உள்ளே அதிகத் தேய்மானம் இருந்தால் அபராதம் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றார். மானேஜர் தன் பேனாவால், அவர் சொல்லச் சொல்ல, நல்ல கையெழுத்தில் எழுதினார்: 'முன்பக்கம் பயணி கால் வைக்கும் இடத்தில் எவ்வளவு தேய்ந்தாலும் கட்டணம் கிடையாது.'

டீச்சர் அந்த வரியைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். ஷோரூமில் அத்தனை பேருக்கும் நடுவில் கணவரின் சட்டைக் காலரைச் சரி செய்கிற சாக்கில் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரம் கழித்து, விடிந்து வெயில் ஏறாத நேரத்தில், இருவரும் புது வண்டியில் கிளம்பினார்கள். ரவுண்டானா வந்தது. பச்சைப் பலகை அவளுடைய கண்ணுக்கு நேர் நடுவில், ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. மருந்துக்கடைக்காரரின் கை பழக்கத்தில் இண்டிகேட்டரைப் போட்டது. அவளிடம் படித்த எல்லோரும் அந்த இடத்தில் திரும்பத்தான் கற்றிருந்தார்கள்.

"திரும்ப வேண்டாம்" என்றாள் டீச்சர். "நேரா போங்க சார்."

அவர் இண்டிகேட்டரை அணைத்தார். ரவுண்டானாவின் வளைவில் அவளுடைய கால் விரிப்பை ஒரு தடவை அழுத்தியது. வண்டி கொஞ்சம் தணிந்து, வளைந்து, அம்புக்குறி காட்டிய பக்கம் போனது.