மெட்டுக் குரலுக்கு முப்பது பேர்

நன்கொடை கேட்கப் போகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று பேசுவது. உள்ளே போய் உட்கார்ந்தால் காபி வரும். காபி குடித்தபின் கேட்டால், அதுதான் காபி கொடுத்தாயிற்றே என்பது போலப் பார்ப்பார்கள். கோயில் கமிட்டி, பள்ளிக்கூட ஆண்டு விழா, கிரிக்கெட் டீம் என்று எதற்காவது வசூலுக்கு அலைந்தவராக இருந்தால் உங்களுக்கு நான் சொல்லாமலே புரியும். உங்களுக்காவது கையில் ரசீதுப் புத்தகமும், காட்டுவதற்கு ஒரு கோபுரமும் இருந்திருக்கும். நான் கேட்டது கண்ணுக்கே தெரியாத ஒரு மென்பொருளுக்கு.

விஷயம் இதுதான். போடியிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்பு ஜீப்பாகப் பெண்கள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்துப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். மழைக்காலத்தில் பாறை விழும், மரம் சாயும், பாதை அடைபடும். பாதி மலையில் மாட்டிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அதற்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 'மெட்டுக் குரல்' என்று ஒன்று செய்தோம். ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால், அதுவே திரும்ப அழைத்துப் பாதை திறந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லும். டிரைவர்களும் எஸ்டேட் ஆட்களும் அனுப்பும் தகவல்தான். பழைய பட்டன் போனே போதும். எங்களுக்குச் சம்பளம் கிடையாது. அது கட்டற்ற மென்பொருள், அதாவது ஓப்பன் சோர்ஸ். எப்படி எழுதியிருக்கிறோம் என்று யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். ஊட்டிப் பக்கம் சிலர் எடுத்தும்கொண்டார்கள்.

ஆனால் போன் லைனுக்கும் சர்வருக்கும் மாத வாடகை உண்டு. அதை மூன்று வருடமாகத் தன் சம்பளத்திலிருந்து கட்டிவந்தவன் எங்களில் ஒருவனான ரபீக். இரண்டாவது குழந்தை பிறந்ததும், ஐப்பசி பிறக்கும்வரைதான் தன்னால் முடியும் என்று சொல்லிவிட்டான். மாதம் நூறு ரூபாய் விடாமல் கொடுக்க முப்பது பேர் கிடைத்தால் குரல் பிழைக்கும். இல்லாவிட்டால் சரியாக அடைமழை தொடங்கும்போது அது நின்றுபோகும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், ஊருக்கே தெரிந்த முகம் என்று சொல்லி, முப்பது பேரைப் பிடிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

எது பொய்?

முதலில் போனது ஏலக்காய் வியாபாரி அலாவுதீன் பாயிடம். நல்ல மனிதர். பள்ளிவாசலுக்கும் கொடுப்பார், மாரியம்மன் திருவிழாவுக்கும் கொடுப்பார். மேசையில் ஏலக்காயைக் கொட்டி, ஒன்றைப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இந்தச் சேவை எல்லாருக்கும் இலவசம் என்று அழுத்திச் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன். இலவசம் என்று கேட்டதும் கடித்த காயைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுல யாருக்கு லாபம்?" என்றார். யாருக்கும் இல்லை என்றேன். லாபமே இல்லாமல் ஐந்து பேர் மூன்று வருடமாக ஒரு காரியம் பார்க்கிறார்கள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சும்மா குடுக்குறோங்குற. அப்புறம் மாசாமாசம் நூறு ரூவாங்குற. ரெண்டுல எதுப்பா பொய்யி?"

வேலி இல்லாத தோட்டம்

ராசிங்காபுரத்தில் தென்னையும் வாழையும் வைத்திருக்கிற ஒரு சம்சாரி. மலைமேலும் கொஞ்சம் ஏலம் உண்டு. அவருடைய தோட்டத்துக்குப் போகிற ஆட்கள்தான் எங்கள் குரலை விடாமல் கேட்கிறவர்கள். இவர் கட்டாயம் கொடுப்பார் என்று நம்பி பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். பாயிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு இலவசம் என்ற சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. எங்களிடம் ஒளிவுமறைவு இல்லை, எல்லாம் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஆரம்பித்தேன்.

"எவன் வேணும்னாலுமா?"

"எவன் வேணும்னாலும்ணே."

"எடுத்துட்டுப் போறவன் காசு தரணுமா?"

"தர வேண்டியதில்லண்ணே."

பேச்சுச் சரியாகக் கேட்கட்டும் என்று மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "வேலியே போடாத தோட்டத்துக்கு என்கிட்ட எதுக்கப்பு காவக்கூலி கேக்குற?"

சந்தனம், குங்குமம்

நேரில் போனால்தானே கேள்வி கேட்கிறார்கள் என்று, போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டுகிற க்யூ.ஆர். கட்டத்தை ஸ்டிக்கராக அடித்து ஜீப்பு ஸ்டாண்டில் நின்ற வண்டிகளின் கண்ணாடியில் எல்லாம் ஒட்டினேன். ஒரு வாரம் ஆயிற்று, ஒருவரும் சேரவில்லை. சனிக்கிழமை போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அப்பிய சந்தனம், அதன்மேல் குங்குமம். வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசை போட்டவர்கள் ஸ்டிக்கருக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். எந்தப் போனாலும் அதை இனிப் படிக்க முடியாது.

டிரைவர் முத்துராசு என்னோடு படித்தவன். விவரம் தெரியாமல் செய்துவிட்டான் என்று நினைத்து அவனிடம் பொறுமையாக விளக்கப் போனேன். அவன் தெரிந்தேதான் செய்திருக்கிறான். பக்கத்துப் பெட்டிக்கடையில் எவனோ ஒருவன் கடைக்காரருடைய கட்டத்தின்மேல் தன் கட்டத்தை ஒட்டி, இரண்டு நாள் வியாபாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டானாம். அந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தான். "எவன் ஒட்டுனது எவனுக்குப் போகுதுன்னு சாமிக்குத்தான் மாப்ளே தெரியும், அதான் சாமிக்கே விட்டுட்டேன்."

கேட்காமல் கொடுத்தவர்

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று ஒருவர் சேர்ந்தார். நான் கேட்கவே இல்லை. மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகவே நூறு ரூபாய் வருகிற மாதிரி 'ஆட்டோ பே' போட்டிருந்தார். பெயரைப் பார்த்தால் மலையாளி. கேட்டே கொடுக்காத உலகத்தில் கேட்காமல் கொடுக்கிறவன் யார்? முதலில் நூறு போடுவான், அப்புறம் தப்பாக அனுப்பிவிட்டேன், இந்த லிங்க்கைத் தொட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்பான், தொட்டால் நம் கணக்கு காலி. இப்படி எத்தனை கேள்விப்பட்டிருக்கிறோம்.

நம்பரைத் தேடிப் பிடித்து நானே கூப்பிட்டேன். மெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சூப்பர்வைசராம். யார் சொல்லி அனுப்பினீர்கள், எதற்கு அனுப்பினீர்கள், எந்த பேங்க் என்று குறுக்கு விசாரணையே செய்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர், நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டார்: "காசு தரலேன்னாலும் சம்சயம், தந்தாலும் சம்சயம். ஞான் இனி எந்தா செய்யணும் சாரே?"

எங்கே இருந்து கொடுத்தாய்?

நான் அலைய அலைய, ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. மூன்று வருடமாக ஒருவன் கைக்காசைப் போடுகிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. மிஸ்டு கால் கொடுக்கிற பெண்களின் நம்பரை எல்லாம் ரபீக் எங்கோ விற்கிறான். இதை என் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் என்னிடமே சொன்னார். சண்டை போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. அதைவிடக் கேவலம், அன்று முழுக்க எனக்கே உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்தது. ஒருவேளை இருக்குமோ?

சாயங்காலம் ரபீக்கிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. நம்பர்கள் மறுநாளே தானாக அழிந்துவிடும்படி எழுதியிருப்பதைத் திறந்து காட்டினான். அது எப்போதும் எல்லாரும் பார்க்கும்படித்தான் இருந்திருக்கிறது. நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "குடுத்த வரைக்கும் எவனும் ஒண்ணும் கேக்கல. நிறுத்துறேன்னதுந்தான் எங்க இருந்துடா குடுத்தேன்னு கேக்குறாங்க."

தானாக எடுப்பது

குரங்கணியில் காபியும் மிளகும் வைத்திருக்கிற ஒரு குடும்பம். கணவர் நான் சொன்னதும் சரி என்றுவிட்டார். போனை வாங்கி எல்லாம் நிரப்பி, பின் நம்பரை மட்டும் நீங்களே போடுங்கள் என்று நீட்டினேன். அவர் விரல் பட்டனுக்கு மேலே நிற்கும்போது அடுப்படியிலிருந்து அவர் மனைவி வந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு தடவை என்றால் இந்தா நூறு ரூபாய், கையில் வாங்கிக்கொண்டு போ என்றார்.

ஒரு தடவை கொடுப்பது உதவாது, வாடகை மாதாமாதம் வருகிறது, ஒவ்வொரு மாதமும் நான் மலை ஏறி வந்து கேட்க முடியாது, அதனால்தான் தானாக எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு, வேண்டாமென்றால் நீங்களே நிறுத்திவிடலாம், பயமே வேண்டாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அந்தம்மா கணவர் பக்கம் திரும்பினார்: "கேட்டீகளா? கேக்காம தானா எடுத்துக்குமாம். அதுக்கு நம்ம ஊருல வேற பேரு இருக்கு."

பாறைக்கே தெரியாது

ஆவணியில் நல்ல மழை. விடியற்காலை நாலு மணிக்கு மெட்டுப் பாதையில் பாறை விழுந்துவிட்டது. கீழே இறங்கி வந்த ஒரு டிரைவர் தகவல் சொல்ல, நாலரைக்கெல்லாம் எங்கள் குரல் 'இன்று ஏற வேண்டாம்' என்றது. ஆறு ஜீப்புகள் அடிவாரத்திலேயே திரும்பின. அதன் பிறகும் கல் உருண்டுகொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்தது. மூன்று வருடத்தில் நாங்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான். மாலை போட வருவார்கள் என்றே நினைத்தேன்.

மறுநாள் பேச்சியம்மாள் வந்தார். ஒரு ஜீப்புக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர், ஐம்பது வயதிருக்கும். முந்தின நாள் கூலி அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் போய்விட்டது. அவர்கள் எல்லாரும் சேர்ந்து யோசித்ததில் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. நாலு மணிக்கு எல்லாரும் தூங்கும்போது விழுந்த பாறை எனக்கு எப்படித் தெரிந்தது? யாராவது எஸ்டேட்காரன் எனக்கு ஏதாவது கொடுத்து ஆட்களைத் தடுக்கச் சொன்னானா? டிரைவர் சொன்னதை விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "விழப்போறது பாறைக்கே தெரியாது தம்பி, ஒனக்கு மட்டும் எப்பிடித்தான் தெரியுதோ."

அடியில் கை விட்டது

எப்படியோ ஆட்கள் சேர்ந்தார்கள். அலாவுதீன் பாய் ஒரு வாரம் தினமும் மிஸ்டு கால் கொடுத்து, குரல் சொன்னதை மலையில் இருக்கும் தன் ஆளிடம் விசாரித்துச் சரிபார்த்துவிட்டுச் சேர்ந்தார். முத்துராசு நாலு டிரைவர்களோடு வந்தான். ஊட்டிக்காரர்கள் சிலர், வெளியூரில் வேலை பார்க்கிற போடிக்காரர்கள், எங்கள் குழுவில் மூன்று பேர், கடைசியில் ரபீக்கும் தன் பங்குக்கு நூறு. புரட்டாசி கடைசி நாள் எண்ணினால் இருபத்தொன்பது. ஒரு ஆள் குறைந்தது. அன்று சாயங்காலம் பேச்சியம்மாள், மகளுடைய போனோடு என் கடைக்கு வந்தார். எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

ஆனால் முதலில், கொடுத்தவர்கள் பட்டியலை வாசிக்கச் சொன்னார். அதையும் எல்லாரும் பார்க்கும்படித்தான் வைத்திருந்தோம். மேலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். "கடைசில இருந்து வாசி தம்பி" என்றார். தோட்டத்தில் எடை போடும்போது சூப்பர்வைசர் சாக்கின் வாயைப் பார்ப்பதில்லையாம். அடிவரை கையை விட்டு அள்ளி, பிஞ்சுக் காய் கிடக்கிறதா என்றுதான் பார்ப்பானாம். மேலே நல்லதை எவளும்தான் பரப்பி வைப்பாள் என்றார். கடைசியிலிருந்து முதல்வரை வாசித்து முடித்தேன். அவர் கேட்டார்: "இதுல ஒன் பேரு எங்க?"

"நான்தான் ஒழைக்கிறேன்ல, அக்கா."

"நாங்க மட்டும்?"

மூன்று முறை நானும் போனில் எல்லாம் நிரப்பியிருக்கிறேன். பின் நம்பர் கேட்கிற இடத்தில் மூன்று முறையும் மூடி வைத்துவிட்டேன். தானாக எடுத்துக்கொண்டேயிருந்தால்? நிறுத்த முடியாமல் போனால்? குரங்கணிவரை போய்ப் பயமே வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். பேச்சியம்மாள் எதிரிலேயே பின் நம்பரைப் போட்டேன். பட்டியலில் முப்பதாவதாக என் பெயர் வந்தது. இனி ஐப்பசியிலும் குரல் பேசும். நீங்களும் சேர்ந்துவிடுங்கள் அக்கா என்றேன். அவர் திரையைக் குனிந்து பார்த்து என் பெயரை விரலால் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, மகளுடைய போனை இடுப்பில் செருகிக்கொண்டார்: "மொத மாசம் எவனும் போடுவான். அடுத்த மாசமும் ஒன் பேரு இதுல இருக்கட்டும், அப்ப நான் வர்றேன்."

முப்பது பேரைத் தேடி ஊரும் மலையுமாக அலைந்து நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: என்மேல் சந்தேகப்பட்டவர்கள் யாரும் ஆளைத் தப்பாகப் பிடிக்கவில்லை.