பார்க்கப் பார்க்கக் காணாமல் போன பாலிமர்

போன வியாழக்கிழமை அந்த ஏசி அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை இயக்கும் அன்வர் பாய், என்னோடு ஆராய்ச்சி செய்யும் கவிதா, நான். இல்லாதவர் எங்கள் கைடு. டெல்லியில் மீட்டிங்.

பார்க்கப் போனது, கவிதா மூன்று மாதம் மல்லுக்கட்டித் தயாரித்த பூச்சை. ஹைட்ரஜனிலிருந்து கரண்ட் எடுக்கும் ஃப்யூயல் செல்லுக்குள் போவது. அதில் பிளாட்டினத் துகள்களைச் சுற்றி ஒரு பாலிமர் மெல்லிசாகப் படர்ந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் கட்டி, ஓரிடத்தில் காலி என்றால் செல் படுத்துவிடும். சமமாகப் பரவியிருக்கிறதா? திங்கட்கிழமை ரிவ்யூவில் படத்தோடு காட்டியாக வேண்டும். இல்லையென்றால் கவிதா முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அன்வர் பாய் வழக்கமாக உலோகம் பார்ப்பவர். ரசனைக்காரர். "தோ மினிட் ருக்கோ பாய்", ரெண்டு நிமிஷம் பொறு என்று சொல்லிவிட்டு ஒரே இடத்தை நாற்பது நிமிஷம் ஃபோகஸ் செய்தார்.

படம் கண்ணாடி மாதிரி வந்தது. பாலிமரைத்தான் காணோம்.

வெளியே வந்ததும், "விடு, என் பூச்சே சரியில்ல. குப்பையில போட்டுடலாம்" என்றாள் கவிதா. செகந்திராபாத் ரயில்வே காலனிப் பெண். அழ மாட்டாள். அன்று சாம்பிள் டப்பாவோடு குப்பைத் தொட்டியைத் தேடினாள்.

சொல்லிவிட்டேன். "பூச்சு மேல தப்பில்ல. அந்த எலெக்ட்ரான் கற்றை ஒரே இடத்துல நின்னா பாலிமரைப் பொசுக்கிடும். அஞ்சாவது நிமிஷமே ஞாபகம் வந்துச்சு..."

"தெரிஞ்சேவா துவாரபாலகர் மாதிரி நின்னே?"

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். பேங்க், ஆஸ்பத்திரி, ஆர்டிஓ ஆபீஸ் — மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை நிறுத்தச் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

"பாய்கிட்ட நீயே சொல்லு. நான் நக்கோ, சொல்ல மாட்டேன்" என்றாள்.

கைடுக்கு போன் போட்டோம். "இன்னொரு தடவைக்கு ப்ராஜெக்ட்ல காசு இல்லப்பா" என்றார்.

சனிக்கிழமை மறுபடி போனோம். அதே பூச்சில் தொடாத இன்னொரு துண்டு. "பாய், பக்கத்து இடத்துல ஃபோகஸ் வைங்க. அப்புறம் இங்கே நகர்த்தி ஒரே ஷாட். நிறுத்திடுங்க" என்று இந்தியில் திக்கித் திணறினேன். அதட்டுவார் என்று காத்திருந்தேன்.

"பைலே போல்னா நா, பாய்." முதலிலேயே சொல்லக் கூடாதா என்றார், அவ்வளவுதான்.

படம் மங்கல். அன்வர் பாய்க்கு அதில் வருத்தம். "நான் எடுத்ததுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். ஆனால் துகளுக்குத் துகள் பாலிமர், சமமாக... கவிதா அதை மூன்று பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள்.

திட்டுவார்களோ என்று நாம் வாயை மூடிக்கொண்ட இடங்களில் எத்தனை பேர், நாம் சொல்லியிருந்தால் சரி என்று கேட்டிருப்பார்கள்?

என் மரியாதைக்கு ஆன செலவு, கவிதாவும் நானும் ஸ்டைபண்டிலிருந்து பாதிப் பாதி போட்டது — நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஜிஎஸ்டி தனி.