சுடலைமாடனும் ஒரு கிராங்க் சென்சாரும்

வாடகைக் கார் தொழிலில் பயணி பார்ப்பது சாலையை. ஓட்டுகிறவன் பார்ப்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால், என்ஜினில் கோளாறு என்று எரியும் மஞ்சள் விளக்கை. பழைய கார் வைத்துப் பிழைக்கிற அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த விளக்கு எரிந்தால் நாம் முதலில் செய்வது பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பதுதான், இல்லையா?

என் ஊர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் மேலகரம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எலெக்ட்ரானிக்ஸில் பி.இ. இரண்டு வருடம் வேலை தேடிப் பார்த்துவிட்டு, செங்கோட்டைக்காரர் ஒருவரிடம் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். சாரல் சீசனில் அருவிக்கு வருகிறவர்களை ஏற்றுவேன். மற்ற மாதங்களில் திருநெல்வேலி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். இதெல்லாம் போன கோடையில், சீசனுக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது.

முதல் நிறுத்தம்

தென்காசியிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். ஆலங்குளத்துக்குச் சற்று முன்னால் சாலையோரம் ஒரு சுடலைமாடன் கோவில் இருக்கிறது. அதை நெருங்கும்போது என்ஜின் அணைந்துவிட்டது. இருமவில்லை, குலுங்கவில்லை, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி. வண்டி தானாக உருண்டு போய்க் கோவிலுக்கு எதிரே நின்றது. சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அந்தக் குடும்பத்தின் பெரியவர், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், பதறவே இல்லை. இறங்கினார். பக்கத்துப் பூக்கடையில் தேங்காயும் கற்பூரமும் வாங்கினார். நிதானமாகக் கும்பிட்டார். என்னை பானெட்டைத் திறக்கச் சொல்லி என்ஜின் மேல் திருநீறு தூவினார். எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆனது. "இப்ப எடு" என்றார். அரைத் திருகலில் வண்டி பிடித்துக்கொண்டது. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துவிட்டு ஏட்டையா சொன்னார்: "வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. இத்தன நாளா இங்கன நிக்காமப் போயிருக்கே, அதான்."

டிக்கியில் ஒரு சாக்கு

அடுத்த வாரம் இரண்டு தடவை அதே மாதிரி நின்றது. சரியாகக் கோவில் வாசல் என்று சொல்ல மாட்டேன், அரை கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். இரண்டு தடவையும் பயணிகள் கும்பிட்டு வந்தார்கள், வண்டி கிளம்பியது. அன்பர்களே, இனி நான் சொல்வதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். டிக்கியில் ஒரு சாக்கில் தேங்காயும் கற்பூரமும் வாங்கிப் போட்டுவிட்டேன். வண்டி நிற்பதற்கு முன்பே நானாகவே கோவிலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக் கும்பிட ஆரம்பித்தேன். அப்படி நிறுத்தினால் பிறகு திருநெல்வேலி வரை தொந்தரவில்லை.

தென்காசியிலிருந்து நாற்பது நிமிடம் வெயிலில் ஓடினால் ஒரு என்ஜின் எவ்வளவு சூடாகும், பானெட்டைத் திறந்து இருபது நிமிடம் வைத்தால் எவ்வளவு ஆறும் என்று யோசிக்க எனக்குப் படிப்பு உண்டு. யோசிக்கவில்லை. யோசித்தால் பழுது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். பழுது என்றால் வண்டி நிற்க வேண்டும். வண்டி நின்றால் நான் மறுபடி வேலை தேடிக் கிளம்ப வேண்டும். எங்கள் ஸ்டாண்டில் மூத்த டிரைவர் கணேசன் அண்ணாச்சி. ஒருநாள் என் டிக்கியைப் பார்த்துவிட்டு ஸ்டாண்டே கேட்கும்படி சொன்னார்: "ஏலே, நாங்கெல்லாம் வண்டிக்கு டீசல் போடுதோம். நீ கற்பூரம் போட்டு ஓட்டுதியாக்கும்!"

ரூபி டீச்சரின் நேரம்

ரூபி டீச்சர் என் நிரந்தரப் பயணி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் துணைக்கு யாரும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பகல் ஒரு மணிக்குத் திருநெல்வேலியில் அவருக்கு டயாலிசிஸ். அந்த நாற்காலியில் அவருக்கு நான்கு மணி நேரம்தான். அடுத்த ஆள் வெளியே காத்திருப்பார். தாமதமாகப் போனால் அந்த நேரம் குறையும். குறைந்தால் மறுநாள் கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பும்போதே தாமதம். அதனால் கோவிலில் நிறுத்தாமல் ஓட்டினேன். ஆலங்குளத்தைத் தாண்டியதும் வண்டி நின்றது. நிழல் இல்லாத இடம். முப்பத்தைந்து நிமிடம் டீச்சர் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அன்று அவருக்கு மூன்று மணி நேரம்தான் கிடைத்தது. திரும்பி வரும்போது, கோவிலில் நிறுத்தாததுதான் காரணம் என்று நான் உளறினேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் டீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டியச் சரி பண்ணு. இல்லன்னா வேற வண்டி பாத்துக்கிடுதேன். நான் வேதக்காரிடே, மாடனுக்கு என் மேல என்ன கோவம் இருக்கப் போகுது?"

மெக்கானிக் வாக்கு

புதன் காலை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சீசனுக்கு முன்னால் எல்லா வண்டியும் அங்கேதான் கிடக்கும். முதல் தடவை நின்றபோதே அங்குள்ள மெக்கானிக் சொல்லி டீசல் ஃபில்டரையும் பேட்டரியையும் மாற்றிப் பார்த்திருந்தேன், பலனில்லை. "விட்டுட்டுப் போ, அடுத்த புதன் பாக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமைக்கு வேண்டும் என்று கெஞ்சினேன்.

போனோடு பேசும் சின்ன ஸ்கேனர் ஒன்றைக் கணேசன் அண்ணாச்சியிடம் இரவல் வாங்கி அன்று காலையில்தான் மாட்டிப் பார்த்திருந்தேன். 'கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு' என்று வந்தது. என்ஜினுக்குள் சுழலும் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கட்டைவிரல் அளவுப் பொருள் அது. அது பேசாவிட்டால் டீசல் போகாது. இதை மெக்கானிக்கிடம் சொன்னேன். வேறு வண்டிக்கு அடியில் படுத்திருந்த அவர் தலையைக்கூட வெளியே நீட்டவில்லை. "எல்லாந் தெரிஞ்சுதான வந்திருக்கிய, இன்சினியர் சார். அப்ப நீங்களே கழட்டி மாட்டிக்கிடுங்க."

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

வெந்நீர் பரிசோதனை

வீட்டு முன்னால் முன்சக்கரங்களை இரண்டு சாய்வான கருங்கல் மேல் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். கட்டையை நான்கு தடவை உதைத்துப் பார்த்தேன். என்ஜின் ஆறும் வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, நெல் காயப்போடும் படுதாவை விரித்து வண்டிக்கு அடியில் போனேன். சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் ஒளிந்திருந்தது. பிடித்திருந்தது ஒரே ஒரு பத்தாம் நம்பர் போல்ட். அது உடனே வந்துவிட்டது, சென்சார் வரவில்லை. பன்னிரண்டு வருடச் சூட்டில் ரப்பர் வளையம் உப்பிப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்தால் தலை மட்டும் கையோடு வந்து மீதி உள்ளேயே உடைந்து நிற்கும். எண்ணெய் அடித்து, அரை மணி நேரம் விட்டு, இடம் வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். நாற்பது தடவைக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு 'ப்ளக்' சத்தம்.

அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து அப்பா வந்தார். அப்பா அதிகம் பேச மாட்டார். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்து நின்றார். "நாந்தான் சேத்துல கிடக்கேன். நீ கிடக்கக் கூடாதுன்னுதான் படிக்க வச்சேன்."

இனித்தான் முக்கியமான இடம். கோளாறு சென்சாரிலா, அதற்குப் போகும் ஒயரிலா என்று தெரியாமல் புதுசு வாங்கக் கூடாது. என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருந்தது. கல்லூரியில் கடைசி வருட புராஜெக்டை எங்கள் குழுவின் நால்வரும் கடையில் தயாராக வாங்கினோம். அதில் நிஜமாக என்னுடையது இந்த மீட்டர் ஒன்றுதான். மீட்டரைச் சென்சாரின் முனைகளில் வைத்தேன், உள்ளே கம்பிச்சுருள் முழுதாக இருக்கிறது என்று எண் காட்டியது. அம்மாவிடம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு, சென்சாரை பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் இறக்கினேன். அப்பா, அம்மா, நான் மூவரும் டம்ளரைச் சுற்றி உட்கார்ந்தோம். மூன்றாவது நிமிடம் எண் ஆடியது. பிறகு காணாமல் போனது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் எண் திரும்பி வந்தது. மறுபடி வெந்நீரில் விட்டேன், மறுபடி போனது. கோளாறு ஒயரில் இல்லை, சென்சாரில்தான். அப்பா முதல்முறையாக மீட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சூடானா வாய மூடிக்கிடுது. உங்கப்பா கணக்கா."

மூஞ்சி பார்த்து வாங்கியது

தென்காசியில் உதிரிபாகக் கடை கவுன்டரில் இருப்பவர் முத்துலட்சுமி அக்கா. புதன் சாயங்காலம் நான் போனபோது கடையில் கூட்டம். அக்கா வண்டியின் சேசிஸ் நம்பரைக் கேட்டார். அது இருக்கும் ஆர்.சி. புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பழைய சென்சாரைக் காட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒன்றைச் சுட்டி, "இதேதான்க்கா" என்று சொல்லி வாங்கிவந்தேன். வியாழன் காலை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தலை ஒன்றேதான், பிளக்கும் ஒன்றேதான். மூக்கு மட்டும் புதியதில் ஒரு நெல்மணி அகலத்துக்கு நீளம். அழுத்திப் பொருத்தியிருந்தால் உள்ளே சுழலும் பல்சக்கரத்தில் இடித்து முதல் ஸ்டார்ட்டிலேயே நொறுங்கியிருக்கும்.

டவுன் பஸ் பிடித்து ஓடினேன். மின்சாதனங்களைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடையில் பலகையே தொங்குகிறது. அக்கா சென்சாரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு துளி எண்ணெய் இல்லை. ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, நம்பரைத் தட்டி, உள்ளேயிருந்து சரியானதை எடுத்து வைத்தார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்: "பொண்ணு பாக்கப் போன மாதிரி மூஞ்சியப் பாத்து எடுத்துட்டியளாக்கும். இதுக்கு ஜாதகம் பாக்கணும் தம்பி."

நானாக நிறுத்திய நிறுத்தம்

புது வளையத்தில் ஒரு துளி எண்ணெய் தடவி, விரலாலேயே அழுத்தினேன். உட்கார்ந்தது. போல்ட்டை அளவாக முறுக்கினேன். பிளக் 'டிக்' என்றது. சாவியைத் திருகினால் ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி முனையை மாட்டவில்லை என்பது ஐந்து நிமிடம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு வண்டி கிளம்பியது. ஆனால் குளிர்ந்த வண்டி எப்போதும்தான் கிளம்பியது. உச்சி வெயிலில், ஏ.சி. போட்டு, ஆள் இல்லாமல் திருநெல்வேலி வரை ஓட்டினேன். கோவிலைக் கடக்கும்போது பாட்டை அணைத்துவிட்டு என்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போதும் நிற்கவில்லை. கோவில் எதிரில் நானே நிறுத்தினேன். இத்தனை நாள் என் பழுதை அந்தச் சாமி தலையில் கட்டியிருந்தேனே, அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. சாக்கில் மிச்சமிருந்த தேங்காய்களைக் கோவிலில் இறக்கிவைத்தேன். பூக்கடைக்கார அக்கா வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏ தம்பி, இன்னைக்கு வண்டி நின்னுச்சா, நீ நிறுத்துனியா?"

பின்னால் வந்த வண்டி

வெள்ளிக்கிழமை பத்தரைக்கே டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். அவர் ஏறும் முன்பே வண்டிக்கு நடந்ததைச் சொல்லிவிட்டேன். மெக்கானிக் கை வைக்கவில்லை, நான்தான் மாற்றினேன், நேற்று ஒரு தடவை போய் வந்து பார்த்துவிட்டேன், வேண்டாம் என்றால் வேறு வண்டி வரவழைக்கிறேன். டீச்சர் என் நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

பாவூர்சத்திரம் தாண்டியது. கோவில் தாண்டியது. ஆலங்குளம் தாண்டியது. டீச்சர் திடீரென்று கேட்டார்: "தென்காசியில இருந்து ஒரு வெள்ளக் கார் நம்ம பின்னாலயே வருதே, யாருடே அது?" கணேசன் அண்ணாச்சிக்கும் அன்று திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவரும் வேலை இருந்தது. போகும்போது காலி வண்டி. என் வண்டி நின்றுபோனால் டீச்சரை மாற்றி ஏற்றிவிட, பின்னாலேயே வரும்படி கேட்டிருந்தேன். "ஏலே, உன் வண்டிய நீயே நம்பலையா?" என்று திட்டிக்கொண்டேதான் வந்தார். இதையும் டீச்சரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது ஒரு மணிக்கு இருபத்தைந்து நிமிடம் பாக்கி. அன்று அவருக்கு நான்கு மணி நேரமும் முழுசாகக் கிடைத்தது. உள்ளே போவதற்கு முன் படியில் நின்று, வகுப்பில் விடைத்தாள் கொடுக்கிற குரலில் சொன்னார்: "செவ்வாக்கிழம பதினொரு மணிக்கு வந்தாப் போதும். அந்த வெள்ளக் கார் வேண்டாம்."

நான்கு வருடப் படிப்பு, பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று, ஒரு டம்ளர் வெந்நீர் ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகுதான் சுடலைமாடனுக்கு என் வண்டியை ரிப்பேர் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது.