இளைக்கத் தெரியாத ரிக்‌ஷாக்காரர்

பழைய காலத்தில் வாழ்வதற்குச் சம்பளம் தருகிறார்களே என்று பொறாமைப்படுகிறவர்கள், மே மாத மத்தியானத்தில் கெட்டிக் காக்கிக் கோட்டுக்குள் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துப் பார்க்க வேண்டும். பெருங்களத்தூரைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டியிருக்கும் ‘பழைய மெட்ராஸ் தெரு’வில் எனக்கு அந்த வேலை. டீக்கடை, தபாலாபீஸ், டாக்கீஸ் வாசல், மூக்கு நீண்ட பஸ் ஒன்று, கறுப்புக் கார் இரண்டு, கை ரிக்‌ஷா ஒன்று என்று எல்லாவற்றையும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். எனக்கு வயது பதினெட்டு, படிப்பு பாதியில் நிற்கிறது, தெரிந்த ஒரே வித்தை யார் குரலையும் அப்படியே பேசுவது. பல்லைக் காட்டியே பிழைக்கும் சக பாவிகளே, மீதி உங்களுக்குப் புரியும்.

நகராத பஸ்

பஸ்ஸுக்கு இன்ஜின் கிடையாது. நான்தான் இன்ஜின். கண்டக்டர் விசில், கியர் மாற்றும் சத்தம், பாம்பே ஹார்ன், படியில் தொங்குகிறவனைத் திட்டும் டிரைவர், சில்லறைக்குச் சண்டை போடும் பாட்டியம்மா, எல்லாம் என் ஒரே வாயிலிருந்து வரும். ஒரு நாள் கையில் மஞ்சப்பையோடு ஒரு பெரியவர் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, நான் போட்ட அத்தனை கியரையும் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். இறங்கும்போது தோளில் தட்டிச் சொன்னார்:

“சத்தம் மட்டும் வருது, வண்டி நவுரல. இதைப் பாக்க இங்க எதுக்குத் தம்பி வரணும், பண்டிகைக்கு மொத நாள் பெருங்களத்தூர்ல நின்னா போதுமே.”

மேனேஜர் குரல்

எங்கள் எல்லோர் சட்டைக்குள்ளும் ஒரு வாக்கி-டாக்கி ஒளிந்திருக்கும். ஒரு நாள் அதில் மேனேஜர் குரலில், டீக்கடை சாந்தி அக்காவிடம் சொன்னேன்: “அந்தக் காலத்துல சக்கரைக்குத் தட்டுப்பாடு. இன்னிக்கு யாருக்கும் போடாதீங்க.” அக்கா நாள் முழுக்கப் போடவில்லை. கேட்டவர்களிடம் சரித்திரப் பாடம் வேறு நடத்தினார்.

சாயந்திரம் மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். என்னை வேலையை விட்டு நிறுத்தினால் பஸ் ஊமையாகிவிடும் என்பதால் நிறுத்தவில்லை. உத்தரவு மட்டும் போட்டார்:

“இனிமே வாக்கியில என் குரல் வந்தா, நேர்ல வந்து கேட்டுட்டுச் செய்யுங்க. மத்தவங்க குரல்னா பரவால்ல.”

இளைப்புப் பாடம்

மனுஷனை மனுஷன் இழுப்பது பாவம் என்று எப்போதோ ஒழித்த வண்டி கை ரிக்‌ஷா. எங்கள் தெருவில் அதற்குத்தான் வரிசை நீளம். இழுப்பவர் ஏழுமலை அண்ணன். ஐம்பத்தைந்து வயது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மூட்டை தூக்கியவர். கை ரிக்‌ஷா என்ற ஒன்றை இங்கே வந்துதான் முதலில் பார்த்தாராம். இரண்டு பேரை உட்கார வைத்துத் தெருவை இரண்டு சுற்று இழுத்தாலும் அவருக்கு மூச்சு வாங்காது.

அதுதான் மேனேஜருக்குக் குறை. டீக்கடை முனையில் நிற்க வேண்டும், துண்டால் முகத்தைத் துடைக்க வேண்டும், மூச்சு இளைக்க வேண்டும். போட்டோ அங்கேதான் எடுப்பார்கள். அண்ணனுக்கு அது வரவே இல்லை. தோளை எப்படித் தூக்குவது, வாயை எவ்வளவு திறப்பது என்று இரண்டு நாள் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பாதியில் சிரித்துவிடுவார்.

“வராத மூச்ச இன்னாத்துக்குடா வாங்கணும்? சந்தையில இப்டி நின்னா மேஸ்திரி வூட்டுக்கு அனுப்சிடுவான்.”

பாடத்தில் இல்லாத சத்தம்

அடுத்த கோடையில் அவர் இளைப்பில் நான் சொல்லிக் கொடுக்காத ஒரு சத்தம் சேர்ந்தது. மூச்சு முடிகிற இடத்தில் மெலிதாக ஒரு கீச்சு. அவர் குரலை ஆயிரம் தடவை பேசிப் பார்த்தவன் நான். அது நடிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது. போட்டோ எடுத்தவர்கள் “செம ஆக்டிங் அண்ணா” என்று கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் அண்ணன் தபாலாபீஸுக்குப் பின்னால் சிமென்ட் மூட்டை மேல் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது, போய்விடும் என்றார். மேனேஜரிடம் சொல்லலாம் என்றேன். சொன்னால் அன்றோடு வேலை போகும், இந்த வயதில் வேறு எவன் கூப்பிடுவான் என்றார். என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

“உன் வாய் சும்மா இருக்காதுன்னு ஊருக்கே தெரியும். இந்த ஒண்ணுல மட்டும் மூடிக்கினு இரு, தம்பி.”

ரெடி சார்

லீவு நாள் ஞாயிற்றுக்கிழமை. ரிக்‌ஷா வரிசை டாக்கீஸ் வாசல் வரைக்கும் நின்றது. அண்ணன் அதே சிமென்ட் மூட்டை மேல், பக்கத்தில் நான். வாக்கியில் மேனேஜர் கூப்பிட்டார்: “ஏழுமலை, அடுத்த ட்ரிப்புக்கு ரெடியா? முடியலன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்.”

அந்த ஆள் அன்றைக்கு நிஜமாகவே கேட்டார். அதையும் எழுத வேண்டும். அண்ணன் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. நான் வாக்கியை எடுத்து அவர் குரலில், “ரெடி சார். நல்லாக் கீறேன் சார்” என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அண்ணன் என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“நான் பேசியிருந்தாக்கூட இவ்ளோ நல்லாக் கீறேன்னு தோணாது.”

கைதட்டல்

டீக்கடை முனையில் நின்றார். வண்டியில் இருந்த தம்பதி பின்னால் கவிழ்ந்துவிடாதபடி இழுகட்டைகளை மெதுவாகத் தரையில் வைத்தார். துண்டை எடுத்தார். அப்படியே மடிந்து விழுந்தார். கூட்டம் கைதட்டியது. நான் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடி, “நிஜமாவே விழுந்துட்டாருங்க” என்று கத்தினேன். என் சொந்தக் குரலில்தான் கத்தினேன். அதை அந்தத் தெருவில் யாரும் கேட்டதே இல்லை. எனக்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

சாந்தி அக்கா போன் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார். அது உள்ளே நுழைந்தபோது, செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் மனைவியிடம் சொன்னார்:

“இவ்ளோ செலவு பண்றவங்க, ஆம்புலன்ஸும் அந்தக் காலத்து வண்டியா வெச்சிருக்கலாம். இது மேட்ச் ஆகல.”

ஆபீஸ் அறை

அண்ணன் பிழைத்துக்கொண்டார். பாரம் இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் கழித்து, கேட்டில் டிக்கெட் கிழிக்கும் நாற்காலியாவது தாருங்கள் என்று கேட்க வந்தார். துணைக்கு நான். மேனேஜர் முடியாது என்றார். “நான் கேட்டேன். ரெடின்னு அவரே வாக்கியில சொன்னாரு. உடம்பை மறைச்சுப் பொய் சொன்னவரை எப்படி வெச்சுக்கறது?”

அண்ணன் என்னைப் பார்த்தார். “ஆமா சார், நான்தான் சொன்னேன்” என்று எழுந்தார்.

“இல்ல சார், சொன்னது நான்” என்றேன். மேனேஜர் நம்பவில்லை. அண்ணன் குரலில் சொல்லிக் காட்டச் சொன்னார். “ரெடி சார். நல்லாக் கீறேன் சார்.” மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். “அந்த இளைப்பும் வருமா?” என்று கேட்டார். செய்தேன், கடைசிக் கீச்சு வரைக்கும். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மேனேஜர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சரி, அவர் கேட்ல உக்காரட்டும். நீ இதை அப்படியே ரெக்கார்ட் பண்ணிக் குடு, வண்டிக்கு அடியில ஸ்பீக்கர் வெச்சிடலாம்.”

கேட் நாற்காலி

இப்போது கை ரிக்‌ஷா நகராது. சக்கரத்தை சிமென்ட்டில் பதித்துவிட்டார்கள். ஏறி உட்கார்ந்தால் இளைக்கும். சத்தம் கேட் வரைக்கும் கேட்கிறது. அண்ணன் ஒரு வாரம் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எட்டாம் நாள் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அந்தக் கடைசிக் கீச்சை மட்டும் எடுத்துடுடா. அது வரும்போதெல்லாம் கை தானா மாருக்குப் போவுது.”

அன்றைக்கே எடுத்துவிட்டேன்; இளைப்பு முன்ன மாதிரி நிஜமாக இல்லை என்று அதற்குள் இரண்டு பேர் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.