வல்லாரை அரைத்த கொட்டகை

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பையன்களை வளர்த்து ஆளாக்கினேன். இன்று கடைக்குட்டி தன் மகனின் ஞாபகசக்திக்கென்று வாங்கிவந்த வல்லாரை மாத்திரை டப்பாவைத் திறந்ததும், கேளம்பாக்கம் உப்பளத்தோரம், இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த டியூஷன் கொட்டகையின் பச்சை வாசம் வந்தது. உள்ளே அண்ணனும் மற்ற பையன்களும் வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கத்துவார்கள். வெளியே நான் அவர்களுக்காக அம்மியில் வல்லாரை அரைத்துக்கொண்டே கேட்பேன். ஏழாம் வாய்ப்பாட்டில் அண்ணன் திணறிய அன்று, நான் வெளியிலிருந்தே சொல்லிவிட்டேன்.

"அம்மிய நக்கிட்டியாடி?" என்று வாத்தியார் பாய்ந்தார்.

நான் நக்கவில்லை. அன்றிலிருந்து அந்த இலைமேல் எனக்குச் சந்தேகம். என் பையன்களுக்கு அதைக் கொடுத்ததே இல்லை. தினமும் பக்கத்தில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்தேன். இன்று வந்த டப்பாவையும் ஒளித்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல, கடைக்குட்டியின் மகள்தான் இதை எழுதுகிறாள்.

"இன்னாடி, எதையும் வுட்டுடலியே? சத்தமா படி, உங்கப்பன் காதுல வுழட்டும்."